22 முதல் 25 வாரத்தில் பிறக்கும் குழந்தை: சிகிச்சை முடிவை எந்த வரிசையில் எடுப்பது?

லேபர் வார்டிலிருந்து போன் வரும்: "23 வாரம், பனிக்குடம் உடைஞ்சிருச்சு, வலியும் வந்திருச்சு. சீக்கிரம் வந்து பேசிட்டுப் போங்க." புதிதாகச் சேர்ந்த பிஜி (முதுநிலை படிக்கும்) மருத்துவர் ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார். வெளியே நிற்கும் கணவரிடம், "பிழைக்கிறது கஷ்டம். வென்டிலேட்டர் போடலாமா வேண்டாமான்னு எழுதிக் கொடுங்க" என்பார். கால் மணி நேரத்தில் கையெழுத்தோடு திரும்பிவிடுவார்.

அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. வாரம் சரிதானா என்று யாரும் பார்க்கவில்லை. தாயிடம் பேசவில்லை. மகப்பேறு மருத்துவர் ஏற்கெனவே என்ன சொல்லியிருக்கிறார் என்று தெரியாது. கணவருக்கு என்ன புரிந்தது என்பதும் தெரியாது.

28 வாரத்துக்கு முன் பிறப்பவர்களை மிகக் குறைமாதக் குழந்தைகள் என்கிறோம். அதில் 22 முதல் 25 வாரம் வரைதான் பெரிய சிக்கல். 22-க்குக் கீழே சிகிச்சையால் ஏறக்குறைய பலன் இல்லை. 26 தாண்டிவிட்டால், வசதியுள்ள இடத்தில் சிகிச்சை கொடுப்பதே பெரும்பாலும் சரி. இடையில் உள்ள வாரங்களில் அனுபவமுள்ள இரண்டு மருத்துவர்கள் நேர்மையாகவே வேறு வேறு முடிவுக்கு வரலாம். நான் பார்த்தவரை இங்கே முடிவுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் வரிசை மாறுவதால்தான். எதை முதலில் கேட்பது, யாரிடம் பேசுவது, எப்போது எழுதுவது என்பது பிசகினால் பிறகு என்ன செய்தும் சரிக்கட்ட முடிவதில்லை.

இது தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் இளம் மருத்துவர்களுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் எழுதியது. இப்படியொரு நிலையில் நிற்கும் குடும்பத்தார் படித்தாலும் உதவும்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் மூன்று மாத ஸ்கேன் ரிப்போர்ட், தாயின் கேஸ் ஷீட், உங்கள் பிரிவின் கடந்த சில வருடக் கணக்கு. கூடவே குழந்தைப் பிரிவு நர்ஸ் ஒருவர், உட்கார நாற்காலிகள், அரை மணி நேரம். ஒப்புதல் படிவத்தை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கையில் படிவம் இருந்தால் பேச்சு கையெழுத்தை நோக்கித்தான் போகும்.

1. வாரத்தை நீங்களே கணக்கிடுங்கள்

போனில் சொன்ன வாரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் ஒரு வாரம் தள்ளிப்போனால் முடிவே மாறிவிடும்.

11 முதல் 13 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தை வைத்துச் சொன்ன தேதியை நம்பலாம். பிசகினாலும் ஒரு வாரத்துக்குள்தான் பிசகும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு எடுத்த முதல் ஸ்கேன் என்றால் பிழை அதைவிடக் கூடும். ஐவிஎஃப் கர்ப்பமாக இருந்தால் கருவை வைத்த தேதியைக் கேளுங்கள், அதைவிடத் துல்லியம் வேறில்லை.

குடும்பம் மாதக் கணக்கில் பேசும். "ஆறாம் மாசம்" என்று ஒருவர் சொன்னால் அது 21 வாரமாகவும் இருக்கலாம், 26 வாரமாகவும் இருக்கலாம். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைக் கேட்டு, ஸ்கேனோடு ஒப்பிட்டு, "22 வாரம் 5 நாள்" என்று நாளோடு எழுதுங்கள். "ஏழாம் மாசக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாசக் குழந்தை பிழைக்காது" என்று பாட்டிமார் சொல்வதும் அறையில் கேட்கும். அதை மறுத்து வாதம் செய்ய வேண்டாம். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு நல்லது என்று மட்டும் சொல்லுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. 23 வாரம் 6 நாளில் "கொடுக்க மாட்டோம்", மறுநாள் 24 தொடங்கியதும் "கொடுப்போம்" என்பது ஒன்று. ஒரே இரவில் நுரையீரல் முதிர்ந்துவிடாது. வாரத்தை மற்ற காரணங்களோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021 திருத்தத்தில் வந்த 24 வார வரம்பை, குழந்தை பிழைக்கும் எல்லை என்று நினைத்துக்கொள்வது இன்னொன்று. அது கர்ப்பத்தைக் கலைப்பதற்கான வரம்பு. பிறந்த குழந்தைக்குச் சிகிச்சை கொடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2. உங்கள் பிரிவின் கணக்கை எடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் எண்ணைக் குடும்பத்திடம் சொல்லும் முன் அது எந்த ஊர் எண், எதன்மேல் வகுத்த எண் என்று பாருங்கள். அமெரிக்காவில் 2013 முதல் 2018 வரை பிறந்த குழந்தைகளைப் பற்றிய பெரிய ஆய்வில், 22 வாரத்தில் உயிரோடு பிறந்த 549 பேரில் 60 பேர் பிழைத்து வீடு போனார்கள். சுமார் 11 சதவீதம். ஆனால் அந்த 549 பேரில் தீவிர சிகிச்சை பெற்றவர்கள் 200 பேர் மட்டுமே. அவர்கள்மேல் வகுத்தால் அதே 60 பேர் 30 சதவீதம் ஆகிறார்கள். எண்களைக் கொண்டே ஒரு குடும்பத்தைப் பயமுறுத்தலாம், இன்னொரு குடும்பத்துக்கு ஆசை காட்டலாம். இரண்டிலும் எண் பொய்யாக இருக்காது.

அதைவிட முக்கியமான கேள்வி, அந்த எண் உங்கள் வார்டுக்குப் பொருந்துமா என்பது. நம் ஊரில் இந்தக் குழந்தைகளைக் கொண்டுபோவது நுரையீரல் மட்டுமல்ல, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமித்தொற்றும்தான். ஒரு நர்ஸ் எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார், சர்ஃபாக்டன்ட் (நுரையீரல் விரிய உதவும் மருந்து) உடனே கிடைக்குமா, தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ஆகவே வாரவாரியாக எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேருக்குச் சிகிச்சை தொடங்கினோம், எத்தனை பேர் வீடு போனார்கள் என்று ஒரு பதிவேடு உங்கள் பிரிவில் இருக்க வேண்டும். அப்படியொன்று இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் அதையும் குடும்பத்திடம் சொல்லுங்கள்.

வாரம் மட்டும் போதாது. எடை, ஒற்றையா இரட்டையா, தாய்க்கு ஸ்டீராய்டு போட்டாயிற்றா, ஆணா பெண்ணா என்பதும் கணக்கில் வரும். பெண் குழந்தைகள் ஆண் குழந்தைகளைவிடச் சற்று நன்றாகத் தாங்குகிறார்கள். வெளிநாட்டுக் கணிப்புக் கருவிகள் பாலினத்தைக் கேட்கும். இங்கே 1994-ஆம் வருடச் சட்டப்படி பிறக்கும் முன் அதைக் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. ஆண், பெண் இரண்டுக்கும் கணக்குப் போட்டு, "இதிலிருந்து இதுவரை" என்று வரும் அளவைப் பயன்படுத்துங்கள்.

3. முதலில் மருத்துவர்கள் தங்களுக்குள் பேச வேண்டும்

மகப்பேறு மருத்துவர் காலையில் "இது பிழைக்காதும்மா" என்று சொல்லியிருப்பார். மதியம் குழந்தை மருத்துவர் போய் "முயற்சி பண்ணலாம்" என்பார். அதற்குப் பிறகு அந்தத் தாய் யாரையும் நம்பமாட்டார். குடும்பத்திடம் போகும் முன் இரண்டு துறையும் சேர்ந்து ஐந்து நிமிடம் பேசுங்கள், போனில் பேசினாலும் போதும்.

அந்தப் பேச்சில் ஒரு விஷயம் முடிவாக வேண்டும்: இந்தக் குழந்தை எந்த வகையில் வருகிறது? பிரிட்டனின் பேறுகால மருத்துவச் சங்கம் (BAPM) 2019-ல் வெளியிட்ட வழிமுறை இதற்குக் கைகொடுக்கும். சிகிச்சை கொடுத்தும் இறக்கவோ கடுமையான குறைபாட்டோடு வாழவோ வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் என்றால் வலியில்லாமல் பார்த்துக்கொள்வதே பொருத்தம். 50 முதல் 90 வரை என்றால் பெற்றோரின் விருப்பமே முதன்மை. 50-க்குக் கீழே என்றால் சிகிச்சை கொடுப்பதே குழந்தைக்கு நல்லது. அவர்களுடைய வாரக் கணக்கை இங்கே அப்படியே பொருத்தாதீர்கள். மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் அந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், எண்களை உங்கள் பதிவேட்டிலிருந்து போடுங்கள்.

இந்த வகைப்பாட்டைச் செய்யாமல் பெற்றோரிடம் போனால், உண்மையில் தேர்வே இல்லாத இடத்திலும் "நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிடுவீர்கள். பலனே இல்லாத சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லும் பாரத்தைத் தாயின் தலையில் வைப்பது கொடுமை.

4. பேச்சு முடியட்டும் என்று ஊசியை நிறுத்தி வைக்காதீர்கள்

குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி டெக்ஸாமெத்தசோன் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 6 மில்லிகிராம், மொத்தம் நான்கு ஊசி. முழுப் பலன் கிடைக்க நேரம் வேண்டும். தீவிர சிகிச்சை என்ற வாய்ப்பு பேச்சில் இருக்கும்வரை முதல் ஊசியைப் போட்டுவிட்டுப் பேசலாம். போடாமல் விட்டால், குடும்பம் "சிகிச்சை வேண்டும்" என்று சொல்லும் நேரத்தில் குழந்தையின் வாய்ப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். ஊசி போட்டதாலேயே வென்டிலேட்டர் போட்டாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. இதைத் தாயிடமும் சொல்லிவிடுங்கள்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்றால் அதுவும் இந்தக் கட்டத்தில்தான். தாயின் வயிற்றைவிடப் பாதுகாப்பான இன்குபேட்டர் எந்த ஆம்புலன்ஸிலும் இல்லை. பிறந்த பிறகு அனுப்புவதைக் கடைசி வழியாக வையுங்கள்.

சிசேரியனைத் தனி முடிவாகப் பாருங்கள். இந்த வாரங்களில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரிந்திருக்காது, மேல்நோக்கி வெட்ட வேண்டி வரலாம். அடுத்த கர்ப்பத்தில் அந்தத் தழும்பு விரிசல் விடும் ஆபத்து உண்டு. "குழந்தைக்காக எல்லாம் செய்யுங்க" என்று சொல்லும் தாய்க்குத் தன் உடம்பு எதைச் சுமக்கப்போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

5. தாய் இருக்கும் இடத்துக்குப் போங்கள்

நம் ஊரில் இந்த முடிவு வராந்தாவில்தான் எடுக்கப்படுகிறது. கணவர், மாமனார், தாய்மாமன், ஊரிலிருந்து வந்த யாரோ ஒரு பெரியவர் எல்லோரும் நிற்பார்கள். தாய் உள்ளே கட்டிலில் தனியாகக் கிடப்பார். "அவளுக்கு ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர், தாங்கமாட்டா" என்பார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். அதற்காக ஒத்துக்கொள்ள முடியாது. குழந்தை அவர் வயிற்றில் இருக்கிறது, ஊசியும் கத்தியும் அவர் உடம்பில்தான் படப்போகின்றன. முடிவு அவரில்லாமல் நடந்தால், பல மாதம் கழித்தும் "என்னை யாருமே கேக்கல" என்பார்.

குடும்பத்தை விலக்கவும் வேண்டாம். "சரிங்கய்யா, நீங்களும் வாங்க, அவங்க பக்கத்துலயே உட்கார்ந்து பேசுவோம்" என்று கூட்டிக்கொண்டு உள்ளே போங்கள். வலி வந்துபோகும் இடைவெளியில் பேசுங்கள், வலி வரும்போது நிறுத்துங்கள். நின்றுகொண்டு பேசாதீர்கள். மாமியார் பதில் சொன்னால் கேட்டுக்கொண்டு, தாயின் முகத்தைப் பார்த்து, "நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?" என்று மறுபடி கேளுங்கள். இரண்டாவது முறை கேட்கும்போதுதான் பலர் வாயைத் திறக்கிறார்கள்.

தாய் வேறு மருத்துவமனையில் இருந்து, குழந்தை மட்டும் உங்களிடம் வந்திருந்தால் வீடியோ காலில் பேசுங்கள். தந்தை மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

6. சொல்லும் விதமும் கேட்கும் விதமும்

முதலில் அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். அப்புறம்தான் நீங்கள் பேச வேண்டும். சதவீதம் பலருக்குப் பிடிபடாது. "இந்த வாரத்துல பிறக்கிற பத்துக் குழந்தைக்கு நாங்க முழுச் சிகிச்சை கொடுத்தா, மூணு குழந்தை வீட்டுக்குப் போகும், ஏழு குழந்தை இறந்துடும்" என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். மூன்றை மட்டும் சொன்னால் நம்பிக்கையும், ஏழை மட்டும் சொன்னால் பயமும்தான் காதில் விழும். பிழைத்தவர்களில் நடக்க, பார்க்க, கேட்க, படிக்கச் சிரமப்படுபவர்கள் எத்தனை பேர் என்பதையும் அதே முறையில் சொல்லுங்கள். "மூளை வளர்ச்சி இருக்காது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். சற்றுத் தாமதமாக நடப்பதும், வாழ்நாள் முழுவதும் படுக்கையில் இருப்பதும் ஒன்றல்ல.

ஊனம் பற்றி நாம் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். அந்த வாழ்க்கையை மருத்துவர்களாகிய நாம் மதிப்பிடுவதைவிட, அதை வாழ்பவர்களும் அவர்களுடைய பெற்றோரும் மேலாகவே மதிப்பிடுகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் பயத்தை அவர்கள் மேல் ஏற்றக் கூடாது.

"எல்லாம் பண்ணிடலாமா?" என்ற கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். எந்தத் தாய் வேண்டாம் என்பார்? "ஒண்ணும் பண்ணாம விட்டுடலாமா?" என்பதும் அப்படித்தான். வென்டிலேட்டர் வேண்டாம் என்று முடிவானாலும் நாம் நிறைய செய்கிறோம். சூடாக வைக்கிறோம், வலி போக்குகிறோம், தாயின் மார்பில் வைக்கிறோம். எனவே இரண்டையும் இரண்டு விதச் சிகிச்சை என்று சொல்லுங்கள். "ஒண்ணு, குழாய் போட்டு, ஊசி போட்டு, பல மாசம் முயற்சி பண்றது. இன்னொண்ணு, வலி இல்லாம உங்க கையிலேயே வச்சுப் பார்த்துக்கிறது." அப்புறம் கேளுங்கள்: "இந்தக் குழந்தைக்காக நீங்க எதை ரொம்ப எதிர்பார்க்கிறீங்க? எதை நினைச்சாப் பயமா இருக்கு?" பதிலில் பிடி கிடைக்கும். "ஒரு நிமிஷமாவது உயிரோட பார்க்கணும்" என்பவரும், "வலில துடிக்கக் கூடாது" என்பவரும் வேறு வேறு வழியைக் கேட்கிறார்கள்.

"உங்க குழந்தையா இருந்தா என்ன டாக்டர் பண்ணுவீங்க?" என்று கட்டாயம் கேட்பார்கள். இளையவர்கள் "அது உங்க முடிவு" என்று நழுவுகிறார்கள். கேட்பவருக்கு அது கைவிட்டதுபோல இருக்கும். அவர் சொன்னதையே எடுத்து, "வலிதான் உங்களுக்குப் பெரிய பயம்னு சொன்னீங்க. அதை வச்சுப் பார்த்தா, இப்படிச் செய்யலாம்னு எனக்குத் தோணுது. நீங்க வேற மாதிரி நினைச்சாலும் நாங்க கூட இருப்போம்" என்று சொல்லுங்கள். பரிந்துரை சொல்வது திணிப்பு ஆகாது.

பேசி முடித்ததும் "நான் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். நேரம் இருந்தால் சில மணி நேரம் கழித்து மறுபடி போங்கள். முதல் பேச்சில் யாருக்கும் பாதிக்குமேல் காதில் ஏறாது.

7. பணத்தைப் பற்றித் தனியாக, ஆனால் அன்றே பேசுங்கள்

எல்லோரும் தவிர்க்கும் பேச்சு இது. தவிர்ப்பதால்தான் கெடுகிறது. மருத்துவர் "வாய்ப்பு கம்மி" என்பார், பில்லிங்கில் அட்வான்ஸ் கேட்பார்கள். குடும்பம் இரண்டையும் கலந்து, "எப்படியும் பிழைக்காதாம்" என்று முடிவெடுக்கும். பிறகு, பணத்துக்காகத்தான் விட்டோமோ என்ற எண்ணம் அவர்களை வாட்டும்.

எனவே முதலில் குழந்தையின் வாய்ப்பைச் சொல்லி முடியுங்கள். அப்புறம், முடிந்தால் வேறொருவர், செலவைச் சொல்லட்டும். ஒருநாள் கட்டணத்தை மட்டும் சொல்வது நேர்மையல்ல. 24 வாரத்தில் பிறந்த குழந்தை பெரும்பாலும் உத்தேசப் பிரசவத் தேதியை ஒட்டித்தான் வீடு போகும், அதாவது ஏறக்குறைய நான்கு மாதம். அதற்கான மொத்த மதிப்பைச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசச் சிகிச்சை உண்டு என்பதையும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது கிடைக்கும் என்பதையும் முதல் நாளே சொல்லுங்கள். கையில் இருந்ததெல்லாம் கரைந்த பிறகு பத்தாம் நாள் சொல்வதில் அர்த்தமில்லை.

"சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு, வென்டிலேட்டரில் இருந்த குழந்தையை ஆம்பு பையோடு (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) ஆட்டோவில் அனுப்பிவைப்பது இன்னும் நடக்கிறது. அந்தக் குழந்தை வழியில் மூச்சுத் திணறி இறக்கிறது. சட்டத்துக்குக் கையெழுத்து இருக்கலாம், குழந்தைக்குச் செய்ய வேண்டியது அங்கே நடக்கவில்லை. தொடர முடியாது என்றால் அரசு மருத்துவமனைக்கு முறையாக மாற்றுங்கள். மீட்க வழியே இல்லாத நிலை என்றால் உங்கள் வார்டிலேயே வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒரு ஆட்டோ இருக்கவே கூடாது.

பிறந்த பிறகு பெண் என்று தெரிந்ததும் குடும்பத்தின் பேச்சு மாறுகிறதா என்றும் கவனியுங்கள். நான் வைத்திருக்கும் சோதனை எளியது: இதே வாரம், இதே எடை, இதே நிலையில் ஆண் குழந்தை இருந்தால் இந்த முடிவை நாம் ஒப்புக்கொள்வோமா? மாட்டோம் என்றால் இதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. அப்போது மூத்த மருத்துவரும் சமூகப் பணியாளரும் உடனே உள்ளே வர வேண்டும்.

8. எழுதி வையுங்கள்

"பெற்றோரிடம் விளக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. வாரம் எப்படிக் கணக்கிட்டோம், யார் யார் இருந்தார்கள், என்ன எண் சொன்னோம், தாய் என்ன சொன்னார் (அவருடைய வார்த்தையிலேயே), என்ன முடிவு, எப்போது மறுபடி பேசுவோம் என்று எழுதுங்கள். இரவு மூன்று மணிக்குப் பிரசவம் ஆகும்போது வேறு ஆள்தான் பணியில் இருப்பார். அவர் இதைப் படித்துத்தான் நடப்பார். பிரசவம் நடக்காமல் ஒரு வாரம் தள்ளிப்போனால் பழைய முடிவு செல்லாது. திரும்பப் பேசிப் புதிதாக எழுதுங்கள்.

9. பிரசவ அறையில்

திட்டம் எழுதப்பட்டிருந்தால் அதன்படி நடங்கள். "பிறக்கட்டும், பார்த்து முடிவு பண்ணலாம்" என்பது பெரும் தவறு. கண்ணிமை ஒட்டியிருப்பது, தோல் சிவந்து மெலிந்திருப்பது, முதல் நிமிடத்தில் அழாதது இவை எதுவும் இந்தக் குழந்தை பிழைக்குமா என்பதை நம்பத்தகுந்த முறையில் சொல்லாது. பார்த்து முடிவெடுக்க நின்ற அந்த நிமிடத்தில் குழந்தை குளிர்ந்துபோயிருக்கும்.

திட்டம் எதுவும் இல்லாமல் தாய் நேராகப் பிரசவ அறைக்கு வந்துவிட்டால், வாரத்தில் சந்தேகம் இருந்தால், "23 வாரம்" என்றவர்களுக்கு அந்த வாரத்துக்குப் பொருந்தாத 900 கிராம் எடையில் குழந்தை பிறந்தால், சிகிச்சையைத் தொடங்குங்கள். தொடங்கியதைப் பிறகு யோசித்து நிறுத்தலாம். தொடங்காததைப் பிறகு தொடங்க முடியாது.

வலியில்லாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவாகியிருந்தால், குழந்தைக்கு இதயத் துடிப்பு இருக்கும், அவ்வப்போது மூச்சு இழுக்கும், சில நிமிடமோ சில மணி நேரமோ அப்படி இருக்கலாம் என்று முன்பே சொல்லிவையுங்கள். சொல்லாவிட்டால் "உயிர் இருக்கு, ஏன் சும்மா நிக்கிறீங்க?" என்று அறையே கதறும். நியாயமான கதறல் அது.

10. தொடங்கிய சிகிச்சைக்கு மறுபரிசீலனை நாள் வையுங்கள்

தொடங்கியதாலேயே கடைசிவரை ஓட வேண்டும் என்பதில்லை. "மூணு நாள் கழிச்சு உட்கார்ந்து பேசுவோம்" என்று தொடங்கும்போதே சொல்லுங்கள். மூளையில் ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் நடப்பதால் அந்த நாளில் தலை ஸ்கேன் பார்த்துப் பேசுவதற்குப் பொருள் உண்டு. அடுத்து ஒரு வாரம், அதன்பின் குடல் அழுகல், கடும் தொற்று போன்ற ஒவ்வொரு பெரிய திருப்பத்திலும்.

ஒரே ஒரு ஸ்கேனை வைத்து முடிவுக்குப் போகாதீர்கள். ஒரு பக்கம் சிறிதாகக் கசிந்திருப்பதும் இரண்டு பக்கமும் பெரிதாகப் பாதித்திருப்பதும் வேறு வேறு எதிர்காலம். குழந்தையைப் பன்னிரண்டு மணி நேரம் தொட்டுப் பார்க்கும் நர்ஸ் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். ஊசி குத்தும்போது முன்புபோல முகம் சுளிப்பதில்லை, தொட்டாலே ஆக்சிஜன் இறங்குகிறது என்பதெல்லாம் அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். "பிஓ" (பேபி ஆஃப், அதாவது இன்னாரின் குழந்தை) என்று தாயின் பெயர் எழுதிய அட்டையை எடுத்துவிட்டுக் குழந்தைக்குப் பெற்றோர் வைத்த பெயரை எழுதத் தொடங்குவதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

11. சிகிச்சையின் நோக்கம் மாறும்போது

போடாமல் இருப்பதும், போட்டதை எடுப்பதும் அறத்தின்படி ஒன்றுதான். இரண்டிலும் குழந்தையைக் கொண்டுபோவது நோய். ஆனால் குழாயை எடுக்கும் கைக்கு அப்படித் தோன்றாது. எனவே குழுவில் எல்லோரும் பேசி ஒத்துவந்த பிறகே செய்யுங்கள். ஒத்துக்கொள்ள முடியாத நர்ஸையோ மருத்துவரையோ அந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள்.

இந்தியாவில் பச்சிளங்குழந்தைக்கென்று தனிச் சட்டம் இல்லை. உச்ச நீதிமன்றம் 2018-ல் கொடுத்த தீர்ப்பும் 2023 ஜனவரியில் அதை எளிதாக்கிய ஆணையும்தான் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதற்கான வழி. சிகிச்சை தரும் மருத்துவரும் குறைந்தது ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழு, தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாவது குழு, அதன்பின் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் என்று அது போகிறது. இந்திய குழந்தை மருத்துவர் சங்கம் 2017-ல் வெளியிட்ட ஒருமித்த கருத்தையும், இதயம் நின்றபின் மீட்பு முயற்சி வேண்டாம் என்ற உத்தரவு பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் தந்த வழிமுறையையும் வார்டில் வைத்திருங்கள். உங்கள் மருத்துவமனையின் அறநெறிக் குழுவையும் சட்ட ஆலோசகரையும் குழந்தை மோசமாவதற்கு முன்பே பார்த்துப் பேசிவிடுங்கள். நெதர்லாந்தில் உள்ளதுபோல ஊசி போட்டு உயிரை முடிப்பது இங்கே குற்றம். அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பெற்றோர் "தொடருங்கள்" என்றும் குழு "போதும்" என்றும் நின்றால் அவசரப்படாதீர்கள். இரண்டாவது நிபுணரின் கருத்தைக் கேட்க வழி செய்யுங்கள். ஒன்றிரண்டு நாள் அவகாசம் பல இடங்களில் போதுமானதாக இருக்கிறது. அந்த நாட்களில் வலி மருந்து குறையக் கூடாது.

12. கடைசி மணிநேரங்கள்

குழாயை எடுக்கும் முன் மார்ஃபின் என்ற வலி மருந்து கொடுத்து வலி அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்து ஓடிக்கொண்டிருக்கக் கூடாது, குழந்தை படும் சிரமம் அதில் மறைந்துவிடும். மானிட்டர் சத்தத்தை அணையுங்கள், முகத்தில் ஒட்டிய பிளாஸ்டரைப் பதமாக எடுங்கள். பலருக்குத் தங்கள் குழந்தையின் முழு முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் முறை.

தாத்தா பாட்டியை உள்ளே விடுங்கள். ஞானஸ்நானம், காதில் பாங்கு, நெற்றியில் விபூதி, பெயர் வைப்பது என்று குடும்பம் எதைக் கேட்டாலும் இடம் கொடுங்கள், கேட்கத் தயங்குபவர்களிடம் நீங்களே கேளுங்கள். படம் எடுக்கலாமா, கால் தடம் எடுத்துத் தரலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

குழந்தை சில நிமிடமே உயிரோடு இருந்தாலும் அது உயிருள்ள பிறப்பு. பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். "எதுக்கு டாக்டர் அதெல்லாம்" என்பார்கள். பின்னாளில் அந்தக் குழந்தை இருந்தது என்பதற்கு அவர்கள் கையில் இருக்கும் ஒரே காகிதம் அதுவாக இருக்கலாம்.

13. அதன் பிறகு

குழந்தை இறந்திருந்தாலும், பிரசவமான இரண்டு மூன்று நாளில் தாய்க்குப் பால் கட்டும். இதைச் சொல்லாமல் அனுப்புவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பாலை நிறுத்த மாத்திரை உண்டு, பால் வங்கிக்குத் தரவும் செய்யலாம் என்று வீடு போகும் முன் சொல்லுங்கள்.

பிழைத்துப் போகும் குழந்தைக்கு, கண் விழித்திரைப் பரிசோதனையை 28 வாரத்துக்குக் கீழே பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே தொடங்க வேண்டும். காது பரிசோதனை, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தின் (குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டுக்குச் சிகிச்சை தரும் அரசு மையம்) முகவரி, இரண்டு வயது வரை வர வேண்டிய தேதிகள் ஆகியவை டிஸ்சார்ஜ் தாளிலேயே இருக்கட்டும். உயிரைக் காப்பாற்றிவிட்டுப் பார்வையைக் கோட்டை விட்டால், பெற்றோருக்குச் சொன்ன வாக்கில் பாதியைத்தான் காப்பாற்றியிருக்கிறோம்.

ஆறு வாரம் கழித்து இரண்டு பெற்றோரையும் ஒருமுறை வரச்சொல்லுங்கள். குழந்தை இறந்திருந்தாலும்தான். "நாங்க எடுத்தது சரிதானா?" என்ற கேள்வி அப்போதுதான் வரும். கேஸ் ஷீட்டில் எட்டாவது படியில் எழுதியதைத் திறந்துவைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். அடுத்த கர்ப்பத்துக்கு 11 முதல் 13 வாரத்துக்குள் ஸ்கேன், 16 வாரம் முதல் கர்ப்பப்பை வாய் நீளம் பார்ப்பது, புரோஜெஸ்டிரோன் மருந்தா, கர்ப்பப்பை வாயில் தையலா என்று மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்பது, கர்ப்பப்பையில் மேல்நோக்கி வெட்டு விழுந்திருந்தால் அந்த அறுவைக் குறிப்பின் நகலைக் கையோடு வைத்திருப்பது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தாயின் கையிலேயே கொடுங்கள்.